டாக்காவ்: பூட்டி வைத்த கோப்பு

"யூதர்கள் செத்த கதை நமக்கெதற்கு ஹஜ்ரத்? ஃபலஸ்தீனில் நடப்பது போதாதா?" தெருமுனைக் கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டார்.

ஃபலஸ்தீனில் அநியாயம் செய்வது இஸ்ரேல் அரசு. அதற்காக ஹிட்லர் செய்தது நியாயமாகிவிடுமா? ஆள் பார்த்து எடை மாற்றுகிற தராசு கடையிலேயே ஹராம். மனித உயிருக்கு மட்டும் கூடுமா?

1933 மார்ச் 22. ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அருகே டாக்காவ் வதைமுகாமை நாஜிகள் திறந்தார்கள். முதலில் அடைபட்டவர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும். வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பாதுகாப்புக் காவல்'! (விசாரணையில்லாச் சிறை எப்படியிருக்கும் என்று நம் சமுதாயத்துக்கு விளக்க வேண்டியதில்லை.)

ஏப்ரல் 12ல் நான்கு யூதக் கைதிகள் சுடப்பட்டார்கள். 'தப்பியோட முயன்றார்கள்' என்றது எஸ்.எஸ். படை. அரசு வழக்கறிஞர் ஜோசப் ஹார்ட்டிங்கர் இதை நம்பவில்லை. மருத்துவரோடு முகாமுக்கே போய் விசாரித்தார். அடுத்தடுத்து விழுந்த பிணங்களுக்கும் கணக்குக் கேட்டார். ஜூன் மாதம், முகாம் தளபதி ஹில்மார் வேக்கர்லே மீதே குற்றம் சாட்டினார். அவர் முஸ்லிமல்ல, கத்தோலிக்கர். கொடுங்கோலன் முன் உண்மை பேசுவது சிறந்த ஜிஹாத் என்று நாம் மேடையில் முழங்குகிறோம். அவர் அதை அலுவலக மேஜையில் செய்தார்.

என்ன நடந்தது? வேக்கர்லேயை ஹிம்லர் பதவியிலிருந்து எடுத்தான், அவ்வளவுதான். கோப்பு பூட்டப்பட்டது. அடுத்து வந்த தியோடர் ஐக்கே, டாக்காவை எல்லா முகாம்களுக்கும் மாதிரியாக்கினான்.

வேக்கர்லே 1941ல் சோவியத் போர்முனையில் செத்தான். ஐக்கே 1943ல் விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டான். லோரிட்ஸ் 1946ல் தற்கொலை செய்துகொண்டான். அதே ஆண்டு மே மாதம் மார்ட்டின் வைஸ் உட்பட 28 பேரை அமெரிக்கர்கள் தூக்கிலிட்டார்கள். பியோர்கோவ்ஸ்கிக்கு 1948ல் தூக்கு.

'நீதி கிடைத்துவிட்டதே' என்பார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குள் 12 ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டு, குறைந்தது 41,500 பேர் மாண்டிருந்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று அங்கே கொல்லப்பட்டவர்களில் ஒருவர் நூர் இனாயத் கான். நாஜிகளுக்கு எதிராகப் பாரீஸில் ரகசிய வயர்லெஸ் இயக்கிய பெண். நம் திப்பு சுல்தானின் வம்சம். இப்போது சொல்லுங்கள் தம்பி, இது யாருடைய கதை?

1933ன் அந்த வழக்கு ஆவணங்கள் போருக்குப் பின் வெளியே வந்தன. நியூரம்பெர்க் விசாரணையில் சாட்சியமாக வைக்கப்பட்டன. ஹார்ட்டிங்கர் அப்போதும் உயிரோடுதான் இருந்தார்.