தேசிக்காய் கீரிமலைக்குப் போய்ச் சேர்ந்ததோ?

புத்தூரில் வளர்ந்த எல்லாருக்கும் நிலாவரைக் கிணற்றுக் கதை தெரியும். அதுக்குள்ளே ஒரு தேசிக்காயைப் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்குமாம். போட்டது ஆர், கீரிமலையில் நின்று எடுத்தது ஆர் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சொக்கெற் புரோகிராமிங் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நாங்கள் முதலில் சொல்லுறது இந்தக் கதையைத்தான்.

ஏனென்றால் 'சென்ட்' வெற்றி என்று திரும்பி வந்தால், தரவு சேர்வருக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உங்கடை கணினியின் இயங்குதளம் அதைத் தன் பஃபரில் வாங்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தேசிக்காய் தண்ணிக்குள் விழுந்திட்டுது. கீரிமலை விசயம் வேறை.

கூடுதலான பாடங்கள் கிளையன்ற்றையும் சேர்வரையும் ஒரே மடிக்கணினியில், 127.0.0.1 என்ற முகவரியில் ஓடவிட்டுக் காட்டுகின்றன. அங்கே வயரும் இல்லை, ரவுற்றரும் இல்லை, அறுகிறதுக்கு ஒண்டும் இல்லை. பிழை கையாளுதல் என்று கடைசியில் ஒரு 'ட்ரை', ஒரு 'எக்செப்ற்', அதுக்குள்ளே 'பாஸ்'. இது எங்கடை நாட்டுக்குச் சரிவராது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது. (குரங்கில் பழியைப் போட்டது அமைச்சர், நாங்கள் இல்லை.)

அறுகிறதிலும் வகை இருக்கு. மறுமுனை ஒழுங்காக மூடினால் 'ரிசீவ்' பூச்சியம் பைற் தரும். "போட்டு வாறன்" என்று சொல்லிப்போட்டுப் போற மாதிரி. அதுக்குப் பிறகும் நாங்கள் எழுதினால், முதல்முறை பெரும்பாலும் வெற்றி என்றே வரும். மறுமுனை 'ரீசெற்' அனுப்பும். அடுத்தமுறைதான் 'புரோக்கன் பைப்'. சி மொழிக்காரர் கவனம்: 'சிக்பைப்' சமிக்ஞையைப் புறக்கணிக்கச் சொல்லாவிட்டால், ஒரு ஆள் போனதுக்கு முழுச் சேர்வருமே செத்துப்போகும். பைதன் அதை எக்செப்சனாக மாற்றித் தருகிறது.

கரண்ட் போனால் ஒருத்தரும் சொல்லிப்போட்டுப் போறேல்லை. சேர்வர் சும்மா காத்துக்கொண்டிருந்தால் இணைப்பு உயிரோடை இருக்கு என்றே நாள்கணக்காக நம்பும். 'கீப் அலைவ்' வழமையில் நிறுத்தித்தான் இருக்கும். போட்டாலும் லினக்ஸில் முதல் விசாரிப்பு 7200 செக்கன் கழித்து. இரண்டு மணித்தியாலம்! அனுப்பின தரவுக்கு ஒப்புகை வராவிட்டாலும், திரும்பத் திரும்ப முயன்று லினக்ஸ் கைவிட ஏறக்குறைய 15 நிமிசம். காத்திருக்கும் எல்லையை நாங்களே வைக்கவேணும், "இருக்கிறியோ?" என்று இடைக்கிடை கேட்கிறதையும் நாங்களே எழுதவேணும்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்பியள். ஒரு கடையில் போனால் 4,500 ரூபா கட்டுறியள் என்று வையுங்கோ. சேர்வர் காசைக் கழித்துவிட்டது; "சரி" என்ற பதில் வர முன்னம் இணைப்பு அறுந்திட்டுது. திரும்ப அனுப்பினால் 9,000 போகும். அனுப்பாமல் விட்டால், ஒருவேளை முதல் கோரிக்கையே போயிருக்காவிட்டால், கடைக்காரருக்குக் காசில்லை. கிளையன்ற்றில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே பிழைதான். "எங்கடை ஃபிரேம்வேர்க் தானாகவே திரும்ப இணைக்கும்" என்று சிலர் சொல்லுவினம். இணைக்கும்தான். காசு கழிபட்டதோ என்று அதுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையன்ற்றே ஒரு தனி இலக்கம் போட்டு, திரும்ப அனுப்பும்போதும் அதே இலக்கத்தை அனுப்பவேணும். சேர்வர் அந்த இலக்கத்தையும் கழிப்பையும் ஒன்றாகவே தரவுத்தளத்தில் பதிந்து, ஏற்கெனவே கண்ட இலக்கமென்றால் பழைய பதிலையே கொடுக்கவேணும். திரும்ப முயலுறதுக்கும் ஒரு முறை இருக்கு: கரண்ட் வந்த உடனே எல்லாப் போனும் ஒரே செக்கனில் சேர்வரை முட்டாமல், ஆளுக்கு ஆள் வேறுவேறு நேரம் பொறுத்து, தோற்கத் தோற்க இன்னும் கூடப் பொறுத்து.

செய்முறைக்குப் புள்ளி போடுற ஆசிரியர்களிடம் கேட்கிறோம்: இரண்டு கணினியில் ஓடவிட்டு வயரைப் பிடுங்குங்கோ. சேர்வர் பதிந்து முடித்து, பதில் அனுப்ப முன்னம் பிடுங்கிறதுதான் கஷ்டமான இடம். அதில் சேர்வரைப் பத்துச் செக்கன் தூங்கவிடுற ஒரு வரியைச் சேர்த்தால் போதும். கிளையன்ற் அலுத்துத் திரும்ப முயலும்வரை பொறுங்கோ. பேந்து வயரைச் செருகி, கணக்கில் எத்தினை ரூபா கழிஞ்சிருக்கு என்று பாருங்கோ.