சூடு தந்த நிறம்

"ஏண்டி, வெளுப்புக்கும் வெளுப்புக்கும் பிறந்தது எங்கேயாவது கறுப்பாக இருக்குமோ?"

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் காலை, கையில் எடுத்த காப்பி ஆறுவதற்குள், அக்கா டெலிபோனில் இப்படி ஆரம்பித்தாள். எனக்குத் திக்கென்றது. அக்காவின் பிள்ளைக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகி, மருமகளுடன் அமெரிக்காவில் டெக்ஸாஸில் குடித்தனம் போட்டிருந்தான். "யாரைச் சொல்கிறாய், அக்கா?" என்று பதறினேன்.

"பல்லியைத்தாண்டி!" என்றாள் அக்கா.

சகோதரிகளே, சிரிக்காதீர்கள். நம் வீட்டுச் சுவரில் இருந்துகொண்டு சகுனம் சொல்லுமே, அந்தப் பல்லி அல்ல இது. சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் தேசத்தின் வடமேற்கு மூலை ஆகிய இடங்களில் வறண்ட பாறை நிலத்தில் வசிப்பது. முக்கால் அடி நீளம் இருக்கும். சுவரில் ஏறத் தெரியாது. நம் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. பருத்த வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரை கிடைக்காத நாளில் அதைக் கொண்டு காலம் தள்ளும். குட்டியில் பட்டை பட்டையாகவும், வளர்ந்தபின் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளாகவும் இருக்கும். அமெரிக்காவில் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நாம் கிளி வளர்க்கிற மாதிரி வளர்க்கிறார்கள்.

இவற்றில் அபூர்வமாகக் கறுப்பு நிறம் உண்டாகாமல் பிறப்பவை 'அல்பினோ'. மஞ்சளும் ஆரஞ்சும் வெளிர் ரோஜாவுமாகப் பார்க்க அழகாக இருக்கும். பாவம், வெளிச்சத்தில் கண் கூசும். அக்கா பிள்ளை ஓர் ஆணை ஒரு கடையிலும், பெண்ணை இன்னொரு கடையிலும் வாங்கினான். இரண்டும் அல்பினோதான். பிறந்த குட்டிகளோ அத்தனையும் கறுப்புப் பட்டை போட்ட சாதாரணக் குட்டிகள்! "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

யாரும் ஏமாற்றவில்லை. 1990-களில் அமெரிக்காவில் மூன்று தனித்தனி அல்பினோ வம்சங்கள் தோன்றின. ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று அவற்றுக்குப் பெயர். மூன்றிலும் குறை ஒன்றல்ல. பாயசம் வைக்க ஒரு வீட்டில் சர்க்கரை இல்லை, அடுத்த வீட்டில் பால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே இரண்டு வீட்டிலும் பாயசம் இல்லை. இரண்டும் சேர்ந்தால் பாயசம் வந்துவிடும். அப்படித்தான் வெவ்வேறு வம்சத்து அல்பினோக்கள் சேர்ந்தால் குட்டிக்குக் கறுப்பு வந்துவிடுகிறது. தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே குறை இருந்தால்தான் குட்டியும் அல்பினோ.

அடுத்த வருஷம் பிள்ளையாண்டான் ஒரே வம்சத்தில் ஜோடி சேர்த்தான். இந்தப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். ஓடு கெட்டியாக இராது. தோல் மாதிரி மெத்தென்றிருக்கும். தாய் அடைகாப்பதில்லை, புதைத்துவிட்டுப் போய்விடும். ஆகவே டப்பாவில் ஈரம் தங்கும் தூளைப் பரப்பி, முட்டையைப் பாதி புதைத்து, சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். கோழி முட்டையைப் போல் திருப்பிப் போடக் கூடாது. உள்ளே இருக்கும் கரு அழிந்துவிடும். மேல்பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டு வைப்பார்கள்.

முதல் இரண்டு முட்டைகளை 26 டிகிரி சென்டிகிரேடில் வைத்தான். இரண்டு மாதத்துக்கு மேல் காக்க வைத்துக் குட்டிகள் வந்தன. அல்பினோதான், ஆனால் கோகோ நிறம்! அடுத்த இரண்டை 32 டிகிரியில் வைத்தான். ஒன்றரை மாதத்தில் வெளிவந்தன, மஞ்சள் பூசிக் குளித்தது போல். அதே தாய், அதே தகப்பன். குளிர்ச்சியில் கிடந்த முட்டைக்கு நிறம் அடர்த்தி. சூட்டில் கிடந்ததற்கு நிறம் வெளுப்பு.

சூட்டின் வேலை நிறத்தோடு நிற்கவில்லை. ஆணா பெண்ணா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் அநேகமாக எல்லாமே பெண். 30-ல் கலப்பு, பெண்ணே அதிகம். 32½-ல் நாலில் மூன்று ஆண். 34, 35 என்று ஏற்றினால் மறுபடியும் பெரும்பாலும் பெண்! பல்லி இனத்தில் இப்படி ஒரு விந்தை உண்டென்று 1966-ல் ஆப்பிரிக்காவில் டக்கார் நகரில் மாடலீன் ஷார்னியே என்ற பெண்மணி ஓர் ஓணான் வகையில் முதன்முதலாகக் கண்டு எழுதினார். டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் டேவிட் க்ரூஸ் என்பவரும் அவர் குழுவினரும் சிறுத்தைப் பல்லியை ஆராய்ந்தார்கள். ஆண் அதிகம் பிறக்கும் சூட்டில் பிறந்த பெண், குளிர்ச்சியில் பிறந்த பெண்ணைவிடச் சண்டைக்காரியாக இருப்பதைக் கண்டார்கள்.

வளர்ப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஆணும் ஆணும் ஒரே பெட்டியில் இருந்தால் கடித்துக் குதறும். ஆகவே பெண் வேண்டும்; பளிச்சென்ற நிறமும் வேண்டும். ஆண், பெண் என்பது அடைகாப்பின் முற்பகுதியிலேயே முடிவாகிவிடுகிறது. முதல் மூன்று வாரம் குளிர்ச்சியில் வைத்துப் பெண்ணாக்கி, பிறகு சூட்டை ஏற்றி நிறம் வாங்குகிறார்கள். ஆனால் சூடு கொடுத்த நிறம் சந்ததிக்குப் போகாது. வம்சத்து நிறம் என்று நம்பி அதிக விலை கொடுத்தவர், அடுத்த தலைமுறையைப் பார்த்துத்தான் விழிப்பார்.

இதையெல்லாம் பிள்ளை சொல்ல, அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள் போலும். சென்ற மாதம் மறுபடி டெலிபோன். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். "இரண்டு டப்பா குங்குமப்பூ வாங்கிவிட்டேன். பாலில் போட்டுச் சாப்பிட்டால் குழந்தை சிவப்பாய்ப் பிறக்கும். நம்ப மாட்டேன் என்பாயே! முட்டைக்குச் சூடு காட்டினால் நிறம் வருகிறதா இல்லையா? அப்படியே பேரனாகவும் பிறந்துவிட்டால்..." என்றாள்.

"அக்கா, பல்லி முட்டை மண்ணிலே கிடக்கிறது, வெயிலும் குளிரும் அதை ஆட்டி வைக்கிறது. நம் குழந்தை தாய் வயிற்றில் ஒரே சூட்டில் வளர்கிறது. அதன் நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது; பாலும் பூவும் அதை மாற்றாது. ஆணா பெண்ணா என்பதோ தகப்பன் கொடுக்கிற அணுவில் இருக்கிறது. மருமகள் கையில் என்ன இருக்கிறது?" என்றேன்.

அக்கா பேசவில்லை. நானே தொடர்ந்தேன். "உனக்கு மூத்தவள் பிறந்தபோது உன் மாமியார் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? 'குங்குமப்பூவை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இப்படிக் கறுப்பாய்ப் பெண்ணாய்ப் பிறந்திருக்குமா?' என்று. நீ கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதாயே!"

வெகுநேரம் கழித்து, "அந்தக் கறுப்புப் பெண்தான் இப்போது என்னை வைத்துக் காப்பாற்றுகிறாள்" என்றாள் அக்கா, தொண்டை கம்ம.

இரண்டு டப்பாவும் கடல் கடக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் பால் பாயசம். குங்குமப்பூ தாராளமாக விழுந்திருந்தது. வாசனைக்கு அதைவிட உயர்ந்தது வேறெதுவும் இல்லை.