பலகையைச் சுவைப்பவர்கள்

ஒரு பழைய உணவகம் கைமாறியதும் அதன் சாப்பாடு கெட்டுவிட்டது என்று சொல்வது பாரிஸில் நல்ல ரசனைக்கு அடையாளமாகிவிட்டது. இதைச் சொல்வதற்குச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. முதலாளி மாறிவிட்டார் என்ற செய்தி காதில் விழுந்தால் போதும். நாக்கு தானாகவே கசக்கத் தொடங்கிவிடும். இப்படிப் புலம்புகிறவர்களில் பலர் எழுதுகிறவர்கள். எழுதியவன் பெயரைப் பார்த்துக் கவிதையை மெச்சுகிறவனைக் கண்டால் ஏளனமாகச் சிரிக்கிறவர்கள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதே காரியத்தைத் தாங்களும் செய்கிறார்கள் என்பது மட்டும் அவர்களுக்கு உறைப்பதில்லை.

புது முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு எந்த அவசியமும் இல்லை; அவர்களைப் பற்றியும் பின்னால் சொல்லத்தான் போகிறேன். முதலில் நம்மவர்களுடைய நாக்கு.

பதினோராம் வட்டாரத்தில் ஒரு பிஸ்த்ரோ. பேட்டைக்குப் பேட்டை இருக்கும் அந்தச் சிறு உணவகங்களில் ஒன்று. பெயர் வேண்டாம். துத்தநாகத் தகடு போர்த்திய கவுண்டர், பன்னிரண்டு மேஜைகள், துணிமேல் விரித்த காகிதம், சாக்கட்டியால் எழுதிய கரும்பலகை. இரண்டு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக வியாழக்கிழமைகளில் நான் அங்கே போய்வந்திருக்கிறேன். வியாழன் என்றால் ப்ளாங்கெத். கன்றிறைச்சியைச் சிவக்க விடாமல், கிராம்பு குத்திய வெங்காயத்தோடும் காரட்டோடும் மெல்லக் கொதிக்கவைத்து, அந்த நீரையே வெண்ணெயும் மாவும் கொண்டு கெட்டிப்படுத்தி, கடைசியில் முட்டை மஞ்சள்கருவும் பாலாடையும் சேர்த்து இறக்குவது. மஞ்சள்கரு விழுந்தபின் ஒரு கொதி அதிகமானாலும் சாஸ் திரிந்துவிடும். பார்வைக்கு ஒன்றுமில்லாத வெள்ளைக் குழம்பு. ஆனால் வைத்தவனின் கவனம் எந்த நிமிஷத்தில் தவறியது என்பதை அது மறைக்காமல் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய முதலாளி வயதாகி, கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். விற்பனை முடிந்த மூன்றாவது வாரம் ஒரு நண்பரோடு அங்கே போனேன். என்னைப்போலவே புதுச்சேரியிலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர், எழுதுகிறவர். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார். 'போச்சு' என்றார். சாஸில் உயிர் இல்லையாம். பணம் போட்டவன் வேறு, அடுப்பில் வெந்தவன் வேறு என்று பத்து நிமிஷம் பேசினார். நன்றாகவே பேசினார். நானும் தலையாட்டினேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தபோது, பக்கத்துச் சந்தில், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே ஒருவர் வெள்ளை மேலங்கியோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிய தமிழ் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்தார். ப்ளாங்கெத் யார் செய்தது என்று கேட்டேன்.

'நான்தான் அண்ணை. இருபத்தாறு வருசமா நான்தான் வைக்கிறன். முதலாளி மாறினது உண்மை. சட்டி மாறேல்லை.'

பழைய முதலாளி சமைப்பதில்லையா என்று நண்பர் கேட்டார்.

'அவர் நல்ல மனுசன். வெளியில நிண்டு ஆக்களோட கதைப்பார். அடுப்புக்குக் கிட்ட வந்து கனகாலம்.'

நண்பர் மெட்ரோ வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் தொலைபேசியில் பேசியபோது, 'இருந்தாலும் ஏதோ ஒன்று குறைகிறது' என்றார். இந்த 'இருந்தாலும்' என்ற சொல்லோடுதான் என் சண்டை.

நண்பர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஏதோ ஒன்று உண்மையிலேயே குறைந்துதான் போயிற்று. வாசலிலேயே பெயர் சொல்லி அழைத்துக் கை கொடுக்கும் மனிதர் போய்விட்டார். கேட்காமலே வந்துவிடும் ஒரு கோப்பை ஒயின் நின்றுவிட்டது. இது இழப்பு அல்ல என்று நான் சொல்லமாட்டேன். அந்நிய நகரத்தில் ஒருவன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் ஒன்றிருப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த இழப்பை அதன் பெயரால் சொல்லவேண்டும். 'என்னை இனி இங்கே யாருக்கும் தெரியாது' என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள், 'சாஸ் கெட்டுவிட்டது' என்கிறார்கள். சொந்தக் காயத்தை ரசனைத் தீர்ப்பாக மாற்றிவிடும் இந்த வித்தைக்கு விமர்சனம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

பிரெஞ்சுச் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது. கடை ஒன்றை விற்பதும் அடகு வைப்பதும் எப்படி என்று 1909 மார்ச் 17ஆம் தேதிச் சட்டம் சொன்னது. கடை என்றால் என்னென்ன சேர்ந்தது? பெயர், பெயர்ப்பலகை, குத்தகை உரிமை, தட்டுமுட்டுச் சாமான், கூடவே வாடிக்கையாளர்கள். ஆம், வாடிக்கையும் சொத்து. அதற்கும் விலை போட்டுத்தான் பத்திரம் எழுதுகிறார்கள். 'என் உணவகத்தை விற்றுவிட்டார்கள்' என்று புலம்பும் நண்பர் கவனிக்காத விஷயம், விற்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் அவரும் ஒன்று என்பதுதான். ஷார்த்தியே என்ற 1896ஆம் வருஷத்து மலிவு உணவகத்தில், வழக்கமாக வருகிறவர்கள் தங்கள் துடைப்புத் துணியை வைத்துக்கொள்ள எண் போட்ட சிறு மர இழுப்பறைகள் உண்டு. அந்தக் கடை 2007இல் கைமாறியது. இழுப்பறைகள் அப்படியே இருக்கின்றன; இப்போது சுற்றுலாக்காரர்கள் அவற்றைப் படம் எடுக்கிறார்கள்.

சமையற்காரரின் கைமணத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவருக்கு வேறு சட்டம். கடை கைமாறினால் வேலை ஒப்பந்தம் புது முதலாளியின்மேல் தொடரவேண்டும் என்பது 1928 முதல் உள்ள விதி. நல்ல விதிதான். ஆனால் தொடர்வதற்கு முதலில் ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் கையில் இருக்கவேண்டும். பாரிஸின் சமையலறைகளில் அது எல்லோர் கையிலும் இருந்ததில்லை. 2008 ஏப்ரலில், தங்கும் அனுமதி இல்லாத தொழிலாளர்கள், ஸே.ஜே.தே. தொழிற்சங்கத்தின் துணையோடு வேலையிடங்களிலேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் உணவகங்களின் சமையற்காரர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் மாலி முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். தாங்கள் சாப்பிடும் 'பாட்டி கைமணம்' யாருடைய கை என்று அன்றுதான் பல பாரிஸ்காரர்களுக்குத் தெரியவந்தது. தெரிந்ததை எவ்வளவு சீக்கிரம் மறந்தார்கள் என்பது வேறு கதை.

'அப்படியானால் பழைய பிரெஞ்சு மரபு என்று ஒன்று இல்லையா?' என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அது நீங்கள் நினைக்கிற மாதிரி, வீட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த மரபு அல்ல. பாரிஸின் பிஸ்த்ரோவை உண்டாக்கியவர்களில் பெரும்பங்கு பாரிஸ்காரர்கள் இல்லை. ஓவெர்ன், அவெய்ரோன் மலைப்பக்கத்து வறுமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீர் சுமந்தார்கள், கரி விற்றார்கள். கரிக்கடை ஓரத்திலேயே ஒயின் ஊற்றினார்கள். பிறகு ஒரு சட்டி சமைத்தார்கள். அவர்கள் உச்சரிப்பை நகரம் கேலி செய்தது. பெரிய 'பிராஸரி'களில் பல, 1871இல் அல்ஸாஸ் ஜெர்மனி வசமான காலத்தில் வந்து சேர்ந்தவர்களோடு வளர்ந்தவை. லிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் அதைத் தொடங்கியவர் லெயோனார் லிப் என்ற அல்ஸாஸ்காரர். நம் நண்பர்கள் பக்தியோடு பேசும் இலக்கிய லிப் அவருடையதல்ல. 1920இல் அதை வாங்கிய மார்ஸெலேன் காஸ் என்ற அவெய்ரோன்காரர் விரித்துக் கட்டியது. அவர் பெயரால் 1935இலிருந்து ஓர் இலக்கியப் பரிசும் உண்டு. ஆக, இவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் 'பழசு', ஒரு கைமாற்றத்தின் குழந்தை. 1920இல் இவர்கள் இருந்திருந்தால் மூன்றாவது வாரமே 'போச்சு' என்று எழுந்து வந்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1927இல் திறந்த லா கூப்போலின் புகழ்பெற்ற பண்டங்களில் ஒன்று ஆட்டுக்கறி 'கறி'. இந்திய உடை அணிந்த பரிசாரகர் அதைத் தள்ளுவண்டியில் வைத்து மேஜைக்கே கொண்டுவருவது அங்கே சம்பிரதாயம். அந்தக் கடையும் 1988இல் கைமாறியது. கறி மட்டும் மாறாமல் தொடர்ந்தது. தலைப்பாகையோடு வந்தால் கூடத்துக்குள் நமக்கு இடமுண்டு, பார்வைக்கு. பிரெஞ்சு ப்ளாங்கெத்தை இருபத்தாறு வருஷம் திரியாமல் வைப்பவனுக்குச் சந்து.

இனி, வாங்குகிறவர்கள். 1912ஆம் வருஷத்து பெனுவாவை 2005இலும், 1932ஆம் வருஷத்து அலாரை 2013இலும் அலென் துக்காஸின் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அங்கெல்லாம் சமையல் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அடுப்பின் அருமை தெரிந்தவரின் ஸ்தாபனம் அது. ஆனால் இந்த வியாபாரத்தின் தர்க்கத்தைப் பார்க்கவேண்டும். புதிதாக ஒரு கடை திறந்தால் கிடைக்காத எது, பழைய கடையை வாங்கினால் கிடைக்கிறது? சுவரின் மஞ்சள் கறை, தேய்ந்த தகடு, முன்னவர் பெயர். காலம் விலைக்கு வருகிறது. பணமுள்ள எவனும் இதை வாங்கலாம் என்ற நிலையில், வாங்கியவன் எதைப் பத்திரமாக வைப்பான்? எதைப் பார்த்து நாம் உள்ளே வருகிறோமோ அதை. பலகையை வைப்பான், கறையை வைப்பான். சமையலறைக்குள் நாம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே செலவைக் குறைக்கவேண்டி வரும்போது கை அங்கேதான் போகும். தொழிற்சாலையில் சமைத்துக் காற்றை உறிஞ்சிப் பிளாஸ்டிக் பையில் அடைத்த ப்ளாங்கெத் இந்த நாட்டில் சல்லிசாகக் கிடைக்கிறது. வெந்நீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது. இது அளவு மீறிப்போனதால்தான் 2014இல், அந்த இடத்திலேயே பச்சைப் பொருளிலிருந்து சமைத்ததற்கு 'வீட்டுச் செய்முறை' என்று ஒரு முத்திரையைச் சட்டம் கொண்டுவந்தது. கூரை போட்ட ஒரு சட்டியின் படம். சாப்பிடத் தெரிந்த தேசம் என்று பெயர் எடுத்த நாட்டில் நாக்கு செய்யவேண்டிய வேலையை ஒரு படம் செய்யவேண்டி வந்தது.

பழைமை விரும்பியும் புது முதலாளியும் விரோதிகள்போலத் தெரிகிறார்கள். இருவரும் ஒரே பலகையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். பலகையில் சுவை இருப்பதாக அவர் நம்புவதால்தான் பலகைக்கு இவர் விலை கொடுக்கிறார். நம் புலம்பல் அந்த வியாபாரத்துக்கு எதிர்ப்பல்ல, முதலீடு.

இதைப் படிக்கிற சிறு வட்டத்துக்கு இந்த நோய் புதிதல்ல. ஒரு பத்திரிகையின் ஆசிரியர் மாறியதும், இதழைப் பிரிக்காமலே 'பழைய தரம் இல்லை' என்று கடிதம் எழுதுகிறவர்களை நாம் அறிவோம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எதை வேண்டுமானாலும் அச்சிட்டாலும் சந்தாவைத் தொடர்கிறவர்களையும் அறிவோம். இரண்டு பேரும் வாசிக்கவில்லை. இந்த வாக்கியம் இன்று என்ன செய்கிறது, இந்தத் தட்டு இன்று என்ன செய்கிறது என்பதைத் தவிர விமர்சனத்துக்கு வேறு வேலை கிடையாது. மரபு என்பது ஒவ்வொரு வியாழக்கிழமையும் மறுபடி செய்யப்படுவது. செய்யாமல் விட்ட வியாழனில் அது இல்லை. யார் செய்கிறார் என்ற கேள்வியும் சுவைக்குப் புறம்பானதல்ல. 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வென்று, ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுத்தவர் தர்ஷன் செல்வராஜா என்ற இலங்கைத் தமிழர். அந்தப் போட்டியில் ரொட்டியைப் பெயர் மறைத்து வைத்துச் சுவைக்கிறார்கள். பலகையை மறைத்தால்தான் கை தெரிகிறது.

நானும் யோக்கியனல்ல. ஆறேழு மாதம் கழித்துத் தனியாக அதே பிஸ்த்ரோவுக்குப் போனேன். கவுண்டருக்கு மேலே பழைய முதலாளியின் புகைப்படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கரும்பலகையில் ப்ளாங்கெத் இருந்தது. வந்தது. சாஸ் மழமழவென்று, தட்டின் ஓரம் வரை ஒரே கெட்டியாக, ஆறியும் ஏடு கட்டாமல் இருந்தது. திரியாது, திரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கூடம் நிறைந்திருந்தது. பக்கத்து மேஜையில் ஒருவர் புகைப்படத்தைக் காட்டி, 'நல்லவேளை, பழைய இடத்தின் ஆன்மா திரும்பிவிட்டது' என்று தன் மனைவியிடம் சொன்னார். யாரும் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை. பணத்தைக் கொடுக்கும்போது மட்டும், சமையற்காரர் எங்கே என்று கேட்டேன்.

'எந்தச் சமையற்காரர்?' என்றார் புது முதலாளி. மரியாதையாகத்தான் கேட்டார்.

பதினைந்து வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். சந்தில் நின்று பேசியும் இருக்கிறேன். அவர் பெயரைக் கேட்டுவைக்கத் தோன்றவில்லை.