பொலித்தீன் சுற்ற வேண்டியது எதற்கு?

2023 ஜூலையில் ஹங்கேரியில் லீரா என்ற புத்தகக்கடை நிறுவனத்துக்கு 12 மில்லியன் ஃபோரிண்ட் தண்டப்பணம் விதித்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை பொலித்தீனால் சுற்றாமல் இளையோர் பகுதியில் வைத்தது. புத்தகம் 'ஹார்ட்ஸ்டொப்பர்'. எழுதி வரைந்தவர் இங்கிலாந்தின் அலிஸ் ஒஸ்மன்.

நல்ல வேலை செய்தார்கள் என்று சொல்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆசிரியர்களாகிய நாங்கள் முதலில் கேட்பது, புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தீர்களா?

சார்ளி என்றொரு பையன், ஆண்கள் பாடசாலையில் படிக்கிறான். அவன் தன்பாலீர்ப்புள்ளவன் என்ற விஷயம் எப்படியோ வெளியே வந்து, பாடசாலையே அவனை வதைக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் அவன் ஒதுங்குவது சித்திரப் பாட அறைக்குள். பிறகு வேகமாக ஓடுகிறான் என்பதற்காக றக்பி அணியில் சேர்க்கிறார்கள். இவனெல்லாம் றக்பி விளையாடுவானா என்று அங்கேயும் முணுமுணுப்பு. சேர்த்துவிட்டது நிக், அணியின் நல்ல விளையாட்டு வீரன். அந்த நிக்கே தான் யார் என்று புரியாமல் இரவில் இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறான். கடைசியில் தாயிடம் சொல்கிறான், தாய் கட்டியணைக்கிறாள். (கதையில் சீனி கொஞ்சம் கூடத்தான். எல்லாத் தாய்மாரும் அப்படி இருப்பதில்லை.) ஆனால் நான்காம் பாகத்தில் சீனி இல்லை. சார்ளி சாப்பிட முடியாத நோயாளியாகிறான், தன் உடம்பையே காயப்படுத்துகிறான், மனநலச் சிகிச்சைக்கு அனுமதிக்கப்படுகிறான். பரிகாசம் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆசிரியர் கலாசாலை உளவியல் குறிப்புகளைவிடத் தெளிவாக அந்தப் பக்கங்கள் சொல்கின்றன. இதையா பொலித்தீனால் மூடுவது?

வாசித்தால் பிள்ளைகள் அப்படி மாறிவிடுவார்களாம். கரெத் தோமஸ் எந்தச் சித்திரக்கதையை வாசித்தார்? வேல்ஸ் றக்பி அணிக்குத் தலைவராக இருந்தவர், வேல்ஸுக்காக முதலில் 100 போட்டிகளைத் தொட்டவர். திருமணமும் முடித்திருந்தார். 2009இல்தான் உண்மையைச் சொன்னார். 2015 உலகக் கிண்ண இறுதிப்போட்டி நடுவர் நைஜல் ஓவன்ஸ், வாலிப வயதில் இதை மறைத்து மறைத்தே உயிரை மாய்க்கப் பார்த்தவர். சுற்றியிருந்த மௌனம் இவர்களில் ஒருவரையும் மாற்றவில்லை. ஓவன்ஸைக் கொல்லத்தான் பார்த்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். செயல் பற்றிய ஹுக்மை உலமாக்கள் சொல்வார்கள், நாங்கள் அதற்குள் வரவில்லை. ஆனால் ஸூரதுல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் தடுக்கிறதே, நளினமாக நடக்கும் பையன்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று எந்தத் தஃப்ஸீரில் இருக்கிறது? அந்தப் பையனுக்கு வகுப்பில் ஒரு பட்டம் வைத்து எல்லோரும் சிரிக்கும்போது, மேசையில் இருக்கும் ஆசிரியரும் புன்னகைக்கும்போது, எங்கள் மார்க்கப்பற்று எங்கே போய்விடுகிறது?

இடைவேளைக்கு மைதானத்துக்கு வராமல் வகுப்புக்குள்ளேயே இருக்கும் பிள்ளை உங்கள் பாடசாலையில் யார்? ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா? கீழே கருத்து எழுத வருபவர்கள் முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள். ஹராம், ஹலால் பட்டியல் எங்களிடமும் இருக்கிறது.