ஒன்பது ஓட்டு வேணும் பாஸ்!

காலேஜ் எலெக்‌ஷனில் நின்ற அனுபவம் உண்டா? அட, நின்றவனுக்கு நோட்டீஸ் ஒட்டிய அனுபவமாவது? அப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நம்ம ஆளுங்க நமக்குப் போடுவாங்க. எதிர் கோஷ்டி செத்தாலும் போடாது. தூக்கத்தைக் கெடுக்கிறது, 'பார்க்கலாம் மச்சி'ன்னு சிரிச்சுக்கிட்டே நழுவுறான் பாருங்க, நடுவுல நிக்கிற அவன்தான்!

2003 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்காவுக்கே இந்த நிலைமை. குவைத்தில் படை வந்து இறங்கியாச்சு. இராக்குக்குள் நுழைய ஐ.நா.வின் சம்மதம் வேண்டும். புஷ்ஷை விட அது அதிகம் தேவைப்பட்டது பிரிட்டன் பிரதமர் டோனி பிளேருக்கு. சொந்தக் கட்சி எம்.பி.க்களே அவரை முறைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2002 நவம்பரில் நிறைவேறிய 1441-வது தீர்மானம் சதாமுக்குக் 'கடைசி வாய்ப்பு' என்றது. படையெடுக்க அதுவே போதுமா என்பதில் சட்டப் புலிகளுக்குள் தகராறு. அதனால இரண்டாவது தீர்மானம்.

கணக்கு சிம்பிள். பாதுகாப்பு கவுன்சிலில் 15 நாடுகள். 9 ஓட்டு வேண்டும், யாரும் வீட்டோ போடக் கூடாது. அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின், பல்கேரியா என்று நாலு ஓட்டு கையில். பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, சீனா, சிரியா எதிர்ப்பக்கம். மிச்சம் அங்கோலா, கேமரூன், கினியா, சிலி, மெக்சிகோ, பாகிஸ்தான். இந்த ஆறில் ஐந்தை வளைக்கணும்.

வளைக்கப் போனவர்கள் ஒரு பக்கம் மட்டுமா? பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் டொமினிக் த வில்பன் மார்ச்சில் மூன்று ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பறந்தார். பிரிட்டனிலிருந்து அமைச்சர் வலேரி அமோஸும் அதே ரூட்டில்! இத்தனைக்கும் ரெண்டு பேரும் நேட்டோ கூட்டாளிகள். சிலியோ அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டு, கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தது. பாவம், வாயைத் திறக்க முடியுமா? (பிரான்ஸ் மேல் கடுப்பில், அமெரிக்க நாடாளுமன்ற கேன்டீனில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' ஆக்கினது தனிக் காமெடி.)

இதெல்லாம் வெளியே நடந்தது. உள்ளே நடந்ததை ஒரு இளம்பெண் பார்த்துட்டாங்க.

கேத்தரின் கன். முப்பது வயசு கூட ஆகலை. பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ.வில் சீன மொழிபெயர்ப்பாளர். புஷ்ஷும் பிளேரும் வெள்ளை மாளிகையில் பேசிக்கிட்டிருந்த அதே ஜனவரி 31 தேதி போட்டு, அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விலிருந்து ஒரு மெயில். நியூயார்க்கில் இருக்கும் பாதுகாப்பு கவுன்சில் தூதர்களை ஒட்டுக்கேட்க உதவி வேணுமாம். அங்கோலா, கேமரூன், கினியா, சிலி, பாகிஸ்தான் எல்லாம் பேரோடு. தன் பக்கம் நின்ற பல்கேரியா கூட லிஸ்ட்டில்!

அவங்க அதை பிரிண்ட் எடுத்து, பைக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. பிடிபட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. நானா இருந்தா? டெலிட் பட்டனைத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன், சத்தியமா.

அந்தத் தாள் ஒரு தோழி மூலமாகக் கைமாறி, மார்ச் 2 அன்று 'அப்சர்வர்' பத்திரிகையில் வெளியானது. அப்பவும் ஒரு சொதப்பல். பத்திரிகை ஆபீஸில் யாரோ, வழக்கம் போல அமெரிக்க ஸ்பெல்லிங்கை பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்காகத் திருத்திட்டாங்க. 'அமெரிக்கன் எவன் இப்படி எழுதுவான்? டுபாக்கூர் மெயில்!' என்று கிளம்பிடுச்சு ஒரு கூட்டம். ஒரு 'யு' எழுத்து செய்த வேலை! அலுவலகத்தில் எல்லாரையும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் மறுத்த கேத்தரின், கூட வேலை பார்ப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்துத் தாங்க முடியாமல், 'நான்தான்' என்று சொல்லிட்டாங்க. கைது.

ஓட்டு? நடக்கவே இல்லைங்க. நடுவில் நின்ற ஆறு பேரும் பிடி கொடுக்கலை. எந்தச் சூழ்நிலையிலும் எதிர்த்தே ஓட்டுப் போடுவோம் என்று மார்ச் 10-ம் தேதி டி.வி.யில் சொன்னார் பிரெஞ்சு அதிபர் சிராக். 17-ம் தேதி தீர்மானத்தைச் சுருட்டி வச்சுட்டாங்க. அன்றைக்கே பிளேர் அமைச்சரவையிலிருந்து ராபின் குக் ராஜினாமா. மறுநாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிளேர் கட்சியிலேயே 139 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். இருந்தும் எதிர்க்கட்சி ஆதரவில் அவர் ஜெயித்தார். 20-ம் தேதி பாக்தாத்தில் குண்டு விழுந்தது. தேடிப் போன பேரழிவு ஆயுதங்கள் கடைசி வரைக்கும் கிடைக்கலை.

கேத்தரின் வழக்கு 2004 பிப்ரவரி 25-ல் கோர்ட்டுக்கு வந்தது. போர் சட்டப்படி சரியா என்று அரசுக்கு அதன் தலைமை வழக்கறிஞர் கொடுத்த ஆலோசனையைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள் அவங்க வக்கீல்கள். அரசுத் தரப்பு எழுந்தது. எங்களிடம் தாக்கல் செய்ய ஆதாரம் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துடுச்சு. ஒப்புக்கொண்ட ஆள் எதிரிலேயே நிக்கிறாங்க!