முத்திரை உடையாத பெட்டி

தாம் கண்ட புதுமை பிறர் பெயரில் கடையில் விற்கப்படுவதைக் காணும் நாள் கொடியது. அன்று எழும் சினம் இயல்பே. ஆயினும் அந்தச் சினத்தில் பொருளை வாங்கி, பெட்டியைக் கிழித்து, பாகங்களைக் கலைத்துப்போடுபவர் தம் வழக்கின் வலுவைத் தாமே குலைத்துக்கொள்கிறார்.

கோவைப் பட்டறையொன்றில் பல்லாண்டு உழைத்து, ஒரு பம்புக்குக் காப்புரிமை பெற்ற சிறு தொழிலரை எண்ணிப் பார்ப்போம். “இது என்னுடையதைப் போலவே இருக்கிறது” என்ற அவரது முறையீடு நீதிமன்றத்தில் போதாது. காப்புரிமை ஆவணத்தின் உரிமைக்கோரலில் உள்ள ஒவ்வொரு கூறும் எதிர்த்தரப்பின் பொருளில் எங்கே இருக்கிறது என்று ஒன்றுக்கொன்று நேராக வைத்துக் காட்ட வேண்டும். ஆகவே இரண்டு பம்புகளை ரசீதோடு வாங்குவது நன்று. ஒன்று முத்திரை உடையாமல் அப்படியே இருக்கட்டும். மற்றதை, வழக்கில் தொடர்பற்ற பொறியாளர் ஒருவர், வரிசை எண் தெரியும்படி காணொளி எடுத்துக்கொண்டே பிரிக்கட்டும். கழற்றிய இம்பெல்லர் எந்த நாளில் யார் கைக்கு மாறியது என்பதும் ஏட்டில் ஏற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்னும் சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, அந்தக் காணொளிக்கு, கோப்பு மாறவில்லை எனக் காட்டும் ஹாஷ் மதிப்பைக் குறித்த சான்றிதழும் தேவை. அதன் ஒரு பகுதியில் வல்லுநர் ஒப்பமிட வேண்டும்.

பொருள் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கும்போதே வழக்கு எத்துணை நீளும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்ட பஜாஜ்–டிவிஎஸ் வழக்கு காட்டியது. சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் அமைக்கும் உரிமை பற்றி 2007இல் எழுந்த பூசல் அது. தன் எஞ்சினில் மூன்று வால்வுகள் இருப்பதால் அது வேறென்பது டிவிஎஸ்ஸின் வாதம். 2008 பிப்ரவரியில் விதிக்கப்பட்ட இடைக்காலத் தடை 2009 மே மாதம் நீக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விற்பனையை அனுமதித்து, அதற்குத் துல்லியமான கணக்கு வைக்குமாறு ஆணையிட்டது. 2019இல்தான் இரு தரப்பும் சமரசம் கண்டன. பெருநிறுவனங்கள் அத்தனை ஆண்டுகளைத் தாங்கின. பட்டறைக்காரர் தாங்குவாரா?

செய்முறைக் காப்புரிமை பெற்றவர் நிலை இன்னும் கடினம். மீறல் பிறருடைய ஆலைக் கதவுக்குப் பின்னே நடக்கிறது. இங்கே 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 104ஏ பிரிவு கைகொடுக்கிறது. தம் செய்முறையில் நேரடியாகக் கிடைக்கும் பொருளும் எதிர்த்தரப்பின் பொருளும் ஒன்றே என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும். பொருள் புதியதெனில், அல்லது அதே செய்முறையில் அது உருவாகியிருக்கப் பெரிதும் வாய்ப்பிருந்து, நியாயமான முயற்சி செய்தும் உண்மையான செய்முறையை அறிய இயலவில்லை எனில், எதிர்த்தரப்பு கையாளும் செய்முறை வேறென்று மெய்ப்பிக்கும் சுமையை நீதிமன்றம் அத்தரப்பின்மேலேயே வைக்கலாம். அந்த முயற்சிக்கும் சான்று வேண்டும்: எழுதிய கடிதங்கள், பெற்ற மறுமொழிகள், ஆய்வக அறிக்கைகள். இவையின்றி அவசரத்தில் மிரட்டல் கடிதம் அனுப்பினால், 106ஆம் பிரிவு அனுப்பியவர்மீதே வழக்குத் தொடர வழிவிடுகிறது.

இத்தனை சுமையையும் சிறு தொழிலர் தனியே சுமக்க விடுவது முறையன்று. கோவையில் பம்புகளை ஆய்ந்து சான்றளிக்கும் சிட்டார்க் போன்ற கூடங்கள் உள்ளன. வழக்குக்கான ஆய்வுக் கட்டணத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும். எதிர்த்தரப்பின் ஆலைக்குள் சென்று அச்சுகளையும் கணக்கேடுகளையும் பதிவுசெய்யும் ஆணையரை, தக்க முகாந்திரம் உள்ள வழக்குகளில் முன்னறிவிப்பின்றி, மனு வந்த சில நாள்களுக்குள்ளேயே நீதிமன்றம் அனுப்பட்டும். செய்தி கசிந்தால் அச்சுகள் ஒரே இரவில் லாரி ஏறிவிடும்.