அலசுவது வேறு, துலக்குவது வேறு

“தண்ணீர் விட்டு அலசினால் போதும்.” வீட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் பீர்ப் பீப்பாயும் வெளியே குழாயும் பொருத்திக்கொண்டோர் நடுவே ஐயமின்றிச் சொல்லப்படும் வாக்கியம் இது. இது வேதியியலாகவும் பிழை, தமிழாகவும் பிழை.

தமிழிலிருந்தே தொடங்கலாம். அரிசியைக் களைவர், துணியை அலசுவர், மேசையைத் துடைப்பர், பாத்திரத்தையும் பல்லையும் துலக்குவர். இவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடத்தக்க சொற்கள் அல்ல. அலசுதலுக்கு நீரின் ஓட்டம் போதும். துலக்குதலுக்கு உராய்வு வேண்டும், கூடவே காரமோ புளிப்போ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல், பித்தளைக் களிம்புக்குப் புளி என்று பிரித்துப் பயன்படுத்திய அடுக்களை அறிவு, காரம் எதைக் கரைக்கும், அமிலம் எதைக் கரைக்கும் என்பதைப் பெயர் சூட்டாமலே வகுத்து வைத்திருந்தது. ‘சுத்தம் பண்ணுதல்’ என்ற ஒற்றைத் தொடர் இவ்வளவையும் விழுங்கிவிட்ட பிறகுதான், நீர் தெளிவாக வந்தாலே குழாய் தூய்மையாகிவிட்டது என்ற மயக்கம் எளிதாயிற்று.

மூன்று மீட்டர் நீளமும் ஐந்து மில்லிமீட்டர் உள்விட்டமும் உடைய ஒரு நெகிழிக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதில் நிற்கும் பீர் ஏறத்தாழ 60 மில்லிலிட்டர். ஒரு சிறு கோப்பை காப்பியைவிடக் குறைவு. அந்தச் சிறிதளவு பீர் தொட்டுக்கொண்டிருக்கும் உட்சுவரின் பரப்போ ஏறத்தாழ 470 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளில் முக்கால் பங்கு. பீரில் ஈஸ்ட் உண்டு, புரதம் உண்டு, ஹாப் பிசின் உண்டு, சர்க்கரையின் எச்சம் உண்டு. இவை சுவரில் படிகின்றன. அப்படிவின்மேல் நுண்ணுயிரிகள் தம்மைச் சுற்றி ஒரு வழுவழுப்பான உயிர்ப்படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அலசும் நீர் அப்படலத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. காலப்போக்கில் கால்சியம் ஆக்சலேட் இறுகி, காய்ச்சுநர் ‘பீர்க்கல்’ என்றழைக்கும் படிவாகிறது. பிறகு லாக்டோபாசில்லஸ் புளிப்பைத் தருகிறது. பீடியோகாக்கஸ் டைஅசிட்டைலை உண்டாக்கி வெண்ணெய் நெடியைத் தருகிறது. காற்றுப்படும் குழாய் வாயில் அசிட்டோபாக்டர் காடியை ஆக்குகிறது. குடிப்பவரோ பீப்பாய் கெட்டுவிட்டது என்று காய்ச்சியவரைக் குறை சொல்கிறார்.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வழக்கமாக வருகின்றன. பீரில் இருக்கும் ஆல்கஹாலே கிருமியைக் கொன்றுவிடுமே என்பது ஒன்று. ஐந்து விழுக்காடு ஆல்கஹால் எல்லாவற்றையும் கொன்றுவிடுமானால் கெட்ட பீர் என்ற பொருளே உலகில் இருந்திராது. குளிரில் எதுவும் வளராது என்பது மற்றொன்று. குளிர் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. தவிரவும் குழாயின் வாய் பல வீடுகளில் குளிர்ப்பெட்டிக்கு வெளியே அறை வெப்பத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆல்கஹாலும் அமிலத்தன்மையும் ஹாப்பும் கரியமில வாயுவும் சேர்ந்திருப்பதால், மனிதருக்கு நோய் தரும் கிருமிகளுக்குப் பீர் உகந்த இடமன்று. அழுக்குக் குழாயால் பெரும்பாலும் சாவதில்லை, சுவைதான் சாகிறது. ஆகவே அச்சுறுத்தி வாதிடத் தேவையில்லை. சுவைக்காகவே இத்தனை செலவு செய்து குழாய் பொருத்தியவரிடம் சுவையைப் பற்றிப் பேசினாலே போதும்.

துலக்கும் முறை மறைபொருள் அன்று. அமெரிக்காவின் புரூவர்ஸ் அசோசியேஷன் வெளியிட்ட கையேடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 முதல் 3 விழுக்காட்டுக் காஸ்டிக் கரைசலை வெதுவெதுப்பாகக் குழாய்க்குள் 15 நிமிடம் சுழலவிடச் சொல்கிறது. குழாய் வாயைக் கழற்றித் தூரிகையால் தேய்க்கச் சொல்கிறது. பீர்க்கல்லைக் கரைக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல் விடச் சொல்கிறது. பிரித்தானிய மதுக்கூடங்களில் வாரம் ஒருமுறை என்பதே நெறி. சாம்பலும் புளியும்தான், பெயர் மாறியிருக்கிறது.

வழக்கின் மையம் இனிமேல்தான் வருகிறது. 1978இல் அமெரிக்க மைய அரசு வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டத்துக்கு உட்படுத்திய பிறகு பரவிய இந்தப் பொழுதுபோக்குக்கு ஓர் எழுதா விதி உண்டு: காய்ச்சுபவர், வார்ப்பவர், கழுவுபவர் மூவரும் ஒருவரே. அதன் கையேடுகளில் வரும் ஏவல் வினைகள் எல்லாம் அந்த ஒருவரை நோக்கியவை. அதே கையேடு பெங்களூரிலோ புனேயிலோ குருகிராமிலோ ஒரு குடியிருப்புக்குள் நுழையும்போது வினை மாறிவிடுகிறது. ‘துலக்கு’ என்பது ‘துலக்கச் சொல்’ என்றாகிறது. பள்ளி இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்த வேறுபாடு இங்கே ஒருவருடைய தோலின்மேல் நிகழ்கிறது. குழாய் வாங்கியவர் கையேட்டைப் படித்தவர். துலக்கப் பணிக்கப்படும் வீட்டுப் பணியாளருக்கு அந்தக் கையேடு தரப்படுவதில்லை. காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். அதை நீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, அதன்மேல் நீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். குளோரின் கலந்த வெளுப்பானையும் அமிலத்தையும் சேர்த்துவிட்டால் நச்சு வாயு எழும். இவ்வெச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கின்றன. கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. ‘கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்க’ என்ற வாய்மொழி மட்டுமே இருக்கிறது. எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதையே மறைக்கும் வாக்கியம் அது.

கழுவுதல் அறிவாகக் கருதப்படாத ஒரு சமூகத்தில் இதில் வியக்க ஒன்றுமில்லை. பல்கலைக்கழகம் லூயி பாஸ்டரின் பெயரை அறியும். 1876இல் அவர் பீரைப் பற்றியே ஒரு நூல் எழுதியதையும் அறியும். பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிய பனையேறியின் கையில் இருந்ததும் காரத்தால் நுண்ணுயிரியைத் தடுக்கும் அறிவே. ஆனால் பாடத்திட்டத்தில் முன்னது அறிவியல், பின்னது வழக்காறு. நொதித்தலைப் பண்பாடு என்று போற்றும் கருத்தரங்குகள் கலயத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதைக் கழுவிய கையைப் பற்றிப் பேசுவதில்லை. (கருத்தரங்கு முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவுவோரையும் யாரும் கேட்பதில்லை என்பது வேறு கதை.)

வேண்டப்படுவது பெரிதொன்றும் அன்று. குழாயைப் பொருத்தியவரே கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, வாயு அழுத்தத்தை முதலில் வெளியேற்றிவிட்டு, காரக் கரைசலைச் சுழலவிட்டு, குழாய் வாயைக் கழற்றித் தேய்க்க வேண்டும். பிறகு நல்ல நீர் விட்டு அலச வேண்டும். அலசுதலுக்குரிய இடம் அதுதான். வெளிவரும் நீரில் பி.எச். தாளை நனைத்து, அதன் நிறம் உள்ளே விட்ட நீரின் நிறத்தோடு ஒக்கும்வரை அலச வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க மனமில்லாதவருக்குப் புட்டிப் பீர் கடையில் கிடைக்கிறது.